காத்திருப்பது மட்டுமா?

காயம்பட்ட கபடி வீரர்களின் மனைவியர் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். காத்திருப்பது மட்டுமா? கபடியே பிழைப்பாகக் கொண்ட என் கணவருக்கு முதலில் தோள்பட்டை, பிறகு வலது முழங்கால் தசைநார். அறுவை சிகிச்சைக்குப் பின் களமிறங்க 9 மாதமாவது ஆகும் என்றார் மருத்துவர். செவ்வாய்தோறும் மயிலாடுதுறையிலிருந்து பஸ் பிடித்து வைத்தீஸ்வரன்கோயில் போகிறேன். தையல்நாயகி முன் நின்று அழுகிறேன், நோய் தீர்க்கும் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கி வருகிறேன். ஆனால் விடியற்காலையில் அவர் குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முழங்கால் நேராகும்வரை எண்ணுவதும் நான்தான். அவர் பல்லைக் கடித்துக்கொள்வார், எனக்குக் கண் கலங்கும்; எண்ணுவதை மட்டும் நிறுத்த மாட்டேன். இந்த விளையாட்டே வேண்டாம் என்கிறார் மாமியார். பெற்ற வயிறு, அப்படித்தான் சொல்லும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. நேற்றுத் திண்ணையிலிருந்து தூணைப் பிடிக்காமல் இறங்கினார்.