வந்தியத்தேவன் சாட்சி சொல்ல வரமாட்டான்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் நடந்த கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். ஆனால் அங்கே எடுத்த இரண்டு நிமிடக் காணொளி இன்று காலை எங்கள் குடும்பக் குழுவிலேயே சிரிக்கும் முகங்களோடு வந்து விழுந்தபோது, இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பது தவறு என்று தோன்றியது. நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். ராஜராஜனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை என்ற பழைய இடத்தைப் பற்றி ஓர் ஆய்வு மாணவி முக்கால் மணி நேரம் கட்டுரை வாசித்தார். கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் வந்தியத்தேவனின் பங்கு என்ன என்று கேட்டார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வல்லவரையர் வந்தியத்தேவரைக் குந்தவைப் பிராட்டியாரின் கணவராகக் குறிப்பிடுகிறது, கொலையோடு அவரைத் தொடர்புபடுத்தும் கல்வெட்டு எதுவும் இல்லை, பொன்னியின் செல்வன் நாவலில் நாம் நேசிக்கும் வந்தியத்தேவன் கல்கியின் படைப்பு என்று அந்தப் பெண் நிதானமாகப் பதில் சொன்னார். அதற்குத்தான் அவ்வளவு கூச்சல். "கல்கியை விடப் பெரிய ஆளா நீ?" என்று கேட்டவருக்கு எவ்வளவு கைத்தட்டல்! அந்த "நீ" என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கதாநாயகனை எவ்வளவு வேண்டுமானாலும் நேசியுங்கள். ஆனால் அவனைக் கூப்பிட்டு வந்து கல்வெட்டுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள்.

பொன்னியின் செல்வனை மதிக்காதவன் இப்படி எழுதுகிறான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த அந்தத் தொடரின் பக்கங்களை என் அப்பா ஒன்று விடாமல் கிழித்தெடுத்து, கோட்டாறு கடைத்தெருவில் கொடுத்து, காலிகோ அட்டை போட்டு ஐந்து பாகங்களாகக் கட்டி வைத்திருந்தார். அட்டையைத் திறந்தால் பசையும் பழைய தாளும் கலந்த ஒரு மணம் வரும். எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் தேரூர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்துகொண்டு வீரநாராயண ஏரியைப் பற்றிப் படித்தவன் நான். வந்தியத்தேவனின் குதிரை அந்த ஏரிக்கரையில் வரும்போது என் கண்ணுக்கு முன்னால் இருந்ததும் தண்ணீர்தான், தாமரைதான். நான் வரலாறு படித்ததற்கும், முப்பத்தொரு வருடம் சமூக அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்ததற்கும் அந்த ஐந்து பாகங்களே காரணம். கல்கியை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆசிரியரான சில வருடங்களில் காட்டுமன்னார்கோயிலுக்குப் போனேன். கதை தொடங்கும் அந்த ஏரிக்கு மிக அருகில்தான் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிய கல்வெட்டு இருப்பதும் அங்கேதான். கோயில் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்கு வந்தது ஏமாற்றம் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கல்லில் கதையில் வரும் நந்தினி இல்லை, கடம்பூர் மாளிகை இல்லை, வந்தியத்தேவனும் இல்லை. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று உடன்பிறந்தாரின் பெயர்கள் இருந்தன. பாண்டியன் தலைகொண்ட கரிகால் சோழனைக் கொன்ற துரோகிகள் என்ற குற்றச்சாட்டு இருந்தது. அவர்களுடைய உடைமைகள் குறித்த செய்தி இருந்தது. அந்தக் கல்வெட்டின் காலம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு, அதாவது கொலை நடந்து 15 ஆண்டுகளுக்கும் மேலான பிறகு! இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று? இடையில் அரியணையில் இருந்த உத்தம சோழன் என்ன செய்துகொண்டிருந்தான்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி 1935இல் தம் சோழர் வரலாற்றில் உத்தமன் மீது சந்தேகத்தை வைத்தார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்காமல், உத்தமனுக்கு அதில் பங்கில்லை என்று மறுத்து எழுதினார். இருவருமே அந்தக் கல்லைத்தான் ஆதாரமாக வைத்து வாதாடினார்கள். கல்கி தொடரைத் தொடங்கியதே இந்த இருவரின் ஆராய்ச்சியும் அச்சில் வந்த பிறகுதான். கல்லில் விடை இல்லாத இடத்தில்தான் அவர் கற்பனைக்கு இடம் கண்டார். கொன்றவர் யார் என்பதைத் தம் கதையிலும் அவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. அவர் காட்டிய அந்த அடக்கம் அவருடைய வாசகர்களாகிய நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

"கல்கி எழுதியிருக்காவிட்டால் இந்தச் சோழர்களை யார் சீந்தியிருப்பார்கள்?" என்று அந்தக் காணொளியைப் பற்றிய பேச்சில் என் பழைய நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானே அதற்குச் சாட்சி. 2022இல் படம் வந்தபோது என் பேத்தி முதல்முறையாக என்னிடம் ராஜராஜனைப் பற்றிக் கேட்டாள். அந்த மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை. ஆனால் வாசலைக் காட்டியவருக்கு நன்றி சொல்வது வேறு. அந்த வாசலிலேயே குறுக்கே நின்றுகொண்டு உள்ளே போகிற ஒரு பெண்ணின் காலை வாரிவிடுவது வேறு.

"கல்வெட்டு மட்டும் பொய் சொல்லாதா?" என்று இன்னொருவர் கேட்கிறார். சொல்லும், ஐயா, நன்றாகவே சொல்லும். நம் கன்னியாகுமரி பகவதியம்மன் கோயிலிலேயே வீரராஜேந்திர சோழனின் வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. சோழர் பரம்பரையைப் பிரம்மனிடமிருந்து தொடங்கி, மான் உருவெடுத்த அரக்கனைத் துரத்திக்கொண்டு ஒரு சோழன் காவிரிக் கரைக்கு வந்த கதையையும் அது சொல்கிறது. அந்த மானை எந்த ஆய்வாளர் அப்படியே நம்பினார்? பதினோராம் நூற்றாண்டில் ஓர் அரசன் தன் குலத்தைப் பற்றி எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று விரும்பினான் என்பதற்குத்தான் அது சான்று. கல் சொல்வதையும் சந்தேகப்பட வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த ஆய்வுத் துறைதான்.

"உங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாதே" என்ற ஏளனம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. ஆமாம், கிடையாது. "காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி" என்று ராஜராஜனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, சொல்வதில் கலம் என்பது மரக்கலம், அங்கிருந்த கப்பல்களை அழித்தான் என்பார் ஒரு சாரார். உண்கலம், அங்கே நடந்த உணவு ஏற்பாட்டைத்தான் குறிக்கிறது என்பார் இன்னொரு சாரார். சாலை என்பது படைக்கலக் கொட்டிலா, அறச்சாலையா, கல்விச்சாலையா என்பதிலும் வழக்கு உண்டு. இந்த வழக்கின் முக்கியமான சான்று ஒன்று நம் மாவட்டத்துக்கே உரியது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில், முஞ்சிறைக்குப் பக்கத்தில் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலெடுத்து, காந்தளூர் முறைப்படி 95 மாணவருக்கு ஒரு சாலை அமைத்தான் என்பதைச் செப்பேடு சொல்கிறது. சேர வருகிறவருக்கு இலக்கணப் பயிற்சி வேண்டும் என்கிறது. ஒருவரை ஒருவர் வைதால் தண்டம், அவைக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்றும் அதில் விதி இருக்கிறது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில், படித்தவர்கள் கூடும் இடத்தில் ஒருவரை வையக் கூடாது என்று செப்பேட்டில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நாமோ ஒரு பெண்ணை வைதுவிட்டு அதைப் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம். பார்த்திவசேகரபுரம் எங்கே இருக்கிறது என்று அன்று கைதட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கடம்பூர் மாளிகையின் சுரங்கப்பாதை மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளைக்குக் கவிதையும் தெரியும், கல்வெட்டும் தெரியும். மருமக்கள்வழி மான்மியம் பாடிய அதே கைதான் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படித்தது, காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலும் எழுதியது. பாட்டில் கற்பனை செய்தார். ஆராய்ச்சியில் கல்லோடு நின்றார். இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொள்ளவில்லை. அவருடைய மாவட்டத்தில், அவர் ஆராய்ந்த அதே பொருளைப் பேச வந்த ஒரு பெண்ணுக்கு நாம் செய்த மரியாதை இதுதானா?

இதில் எனக்கு ஒரு பழைய காயமும் இருக்கிறது. நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றில், சோழர் காலத்து அரசியல் சூழ்ச்சியைப் பற்றி எழுதிய ஒரு மாணவன், நந்தினி என்ற பாண்டிய நாட்டு அரசியை வரலாற்றுப் பெயராகவே எழுதியிருந்தான். மதிப்பெண் போடாமல், பக்கத்திலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தேன். பையனின் அப்பா வந்து சத்தம் போட்டார். தலைமையாசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "எதுக்கு சார் வம்பு, போட்டுக் குடுத்திருங்க" என்றார். நான் போட்டுக் கொடுத்தேன். இரண்டே மதிப்பெண்தான், ஆனால் அன்று சிவப்பு மையில் எழுதிய விளக்கத்தை நானே அடித்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் கைதட்டியவர்களைப் பார்த்தபோது, இவர்களில் எத்தனை பேருக்கு நான் இப்படி மதிப்பெண் போட்டுக் கொடுத்தேனோ என்று மனம் பதறியது.

அந்தப் பெண் எப்படி உழைக்கிறார் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சென்ற தை மாதம் விளவங்கோடு பக்கத்துக் கோயில் ஒன்றுக்குக் கல்வெட்டைப் படியெடுக்க அவர் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எழுத்தின் மேல் ஏறியிருந்த பழைய சுண்ணாம்பைத் தென்னங்குச்சியால் மெல்லச் சுரண்டி, தூரிகையால் துடைத்து, நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, அது எழுத்துக் குழிக்குள் இறங்கும் வரை தட்டி, பிறகு மை ஒற்றினார். வட்டெழுத்து என்ற பழைய எழுத்து முறையில் ப, வ, ய மூன்றும் பழக்கப்பட்ட கண்ணையே ஏமாற்றும். ஒரே ஓர் எழுத்து பகரமா வகரமா என்று பார்க்க அவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்து மூன்று மணி வரை அங்கேயே குந்தியிருந்தார். "போதும் மக்களே, ஏதாவது ஒண்ணை எழுதிட்டு வா" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் எழுதவில்லை. குறிப்பேட்டில் அந்த எழுத்தின் இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு எழுந்தார். ஓர் எழுத்தைக்கூடத் தெரியாமல் சொல்லத் துணியாத அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான், எல்லாம் தெரிந்தவர்கள் "நீ யார்?" என்று கேட்டார்கள்.

பேச்சுரிமைக்கு நான் எதிரி அல்லன். ஆய்வாளரிடம் கேள்வி கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். எந்தக் கல்வெட்டு, எந்த வரி, யார் படித்தது, வேறு விதமாகப் படிக்க முடியாதா என்று கேளுங்கள். அந்தப் பெண் அதற்காகவே காத்திருந்தார். நாவலைத் தூக்கிக் காட்டுவது கேள்வி ஆகாது. கதாநாயகனைக் கொண்டு கல்வெட்டை மறுக்க முடியாது என்பதை இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்ல நான் தயார்.

அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் என் நட்புப் பட்டியலிலேயே பதினாறு பேர் இருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் பார்த்திவசேகரபுரத்தைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டிருந்த அந்தப் பெண், நேற்று அமைப்பாளர்களிடம் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். இரவு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் வந்தியத்தேவனைப் பிடிக்கும்னு முதல்லயே சொல்லியிருக்கணுமோ சார்?" என்று மட்டும் கேட்டார்.