டோக்கியோவில் ஓர் ஒண்டுக்குடித்தனம்

வெளிநாட்டில் நடக்கும் நம் காதல் படங்களில் நாயகனுக்கு என்ன வேலை என்பதே தெரியாது. வீட்டுக்கூடத்தில் மட்டும் கிரிக்கெட் ஆடலாம். அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு பேருக்குக் காதல் எப்படி வரும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே ஒரு மாதத்தை ஓட்டிவிடலாமே!

இந்த எரிச்சலில்தான் 1966இல் வந்த ‘வாக், டோன்ட் ரன்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்கிறேன். 1964 ஒலிம்பிக் சமயம். டோக்கியோவில் தங்க அறை இல்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கிவிட்ட பிரிட்டிஷ் தொழிலதிபர், வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஒரு பெண் வேண்டும் என்று விளம்பரம் செய்திருந்த இளம்பெண்ணின் வீட்டில் பேசிப் பேசியே இடம் பிடித்துவிடுகிறார். பிறகு தன் பாதியில் பாதியை ஓர் அமெரிக்க விளையாட்டு வீரனுக்கு உள்வாடகைக்கு விடுகிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவனுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாதா என்ன!

காலையில் யார் எத்தனை மணிக்குக் குளியலறைக்குள் போக வேண்டும், எத்தனை நிமிடத்தில் வெளியே வர வேண்டும் என்று அந்தப் பெண் அட்டவணை போடுகிறாள். படத்தின் உயிரே அதுதான். எங்கள் குடித்தனத்தில் ஏழு வீடு, இரண்டு கழிப்பறை. வாளிதான் அட்டவணை. விடியற்காலையில் யார் வாளி முன்னால் நிற்கிறதோ அவருக்கே முதல் உரிமை. கைப்பிடி அறுந்து நைலான் கயிறு கட்டிய ஒரு பச்சை வாளி உண்டு. அந்த அக்காவின் வாளியைத் தொட எந்த ஆண்பிள்ளைக்கும் துணிச்சல் கிடையாது. முந்தின இரவு சண்டை போட்டவரும் அந்தக் குறுகிய நடையில் ஒதுங்கி வழிவிட்டே ஆக வேண்டும். அந்த நடையிலேயே கல்யாணம் வரை போன கதைகளும் உண்டு. சம்பந்தப்பட்டவர்கள் முகநூலில் இருப்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொழிலதிபராக வருபவர் கேரி கிராண்ட். அறுபதைத் தொட்டுவிட்டவர் என்பதால் காதலை இளையவர்களுக்கு விட்டுக்கொடுத்து, ஜோடி சேர்க்கும் பெரியவராக ஒதுங்கிக்கொள்கிறார். அதுவே அவருடைய கடைசிப் படம். (நம் நட்சத்திரங்களுக்கு யாராவது இதைப் போட்டுக் காட்டினால் புண்ணியம்.) அந்த இளைஞன் தான் கலந்துகொள்ளும் போட்டி எது என்று சொல்லவே கூச்சப்படுகிறான், வேகநடை! கடைசியில் பெரியவர் உள்ளாடையோடு அந்தப் போட்டிக்குள்ளேயே நுழைந்து, கூடவே நடந்து புத்தி சொல்வதைப் பார்த்துச் சிரிக்காதவர் யார்?

குறையில்லாமல் இல்லை. நடுவில் தொய்கிறது, ஜப்பானியர்கள் பின்னணிக்கு மட்டும்தான். இதன் மூலமான 1943ஆம் ஆண்டுப் படம், போர்க்கால வாஷிங்டனின் வீட்டுப் பஞ்சத்தில் நடப்பது, இதைவிடக் கச்சிதம். அதில் பெரியவராக நடித்த சார்லஸ் கோபர்னுக்கு ஆஸ்கரே கிடைத்தது.

தண்டையார்பேட்டையில் இந்தக் கதையை எடுக்கலாம் என்றால், கல்யாணமாகாத பையனுக்கு வீடு இல்லை என்று வீட்டுக்காரர் முதல் காட்சியிலேயே படத்தை முடித்துவிடுவார். அந்த வேடத்துக்கு ஆள் தேட வேண்டாம். எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்.