அப்பாயி கோடு போட்ட வசனம்

நேத்து ராத்திரி சொந்தக்கார பொண்ணு ஒருத்தி ஸ்டேட்டஸ்ல ரோஜாப்பூ படம் போட்டு பைபிள்ல இருந்து எரேமியா 29:11 வசனம் வச்சிருந்தா. பழக்கதோஷத்துல ஆமென் போட கை போச்சு, ஆனா போடல. ஏன் போடலன்னு சொல்லத்தான் இந்த பதிவு. கொஞ்சம் நீளமா போகும், ஆனா ரொம்ப நாளா மனசுல கெடக்குற விஷயம், பொறுமையா படிங்க.

"நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

இந்த வசனம் தெரியாத கிறிஸ்தவ வீடு எங்க கோத்தகிரி பக்கம் இருக்காது. காலண்டர்ல இருக்கும், ஆட்டோ கண்ணாடில இருக்கும், பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முந்தின நாள் எல்லா குரூப்லயும் வரும். நானும் எத்தனையோ பேருக்கு அனுப்பிருக்கேன். என் தம்பிக்கும் அனுப்பினேன், அதுதான் எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைல புது வருஷத்துக்குன்னு ஆளுக்கொரு வசனம் எழுதி தட்டுல வச்ச வாக்குத்தத்த அட்டைய வரிசையா போய் எடுத்தோம். எனக்கு சங்கீதம் வந்துச்சு, தம்பிக்கு இதே 29:11. அப்ப அவன் வெளிநாட்டு வேலைக்கு அலைஞ்சுட்டு இருந்த நேரம். வெளிய வந்ததும் அந்த குளிர்ல, வாயில இருந்து ஆவி பறக்குது, அட்டைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டி "அக்கா பாத்தியா"ன்னான். நானும் "கர்த்தர் பேசிட்டார்டா"ன்னு சொன்னேன். ஜனவரில ஒரு உபவாசக் கூட்டத்துக்கு போனோம், அங்க வந்த ஊழியக்காரர் அவன் தலைல கை வச்சு ரெண்டு மாசத்துல கதவு திறக்கும்னு சொன்னாரு, கூட்டமே கை தட்டுச்சு, நானும் தட்டினேன். அடுத்த வாரமே பாத்துட்டு இருந்த டிரைவர் வேலைய விட்டுட்டான், ஏஜென்ட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அம்மாவோட ரெண்டு வளையலும் போச்சு. ரெண்டு மாசம் ஆச்சு, ஆறு மாசம் ஆச்சு, விசா வரல, ஏஜென்ட் போன் எடுக்கல. சொன்ன ஊழியக்காரர்கிட்ட கேட்டதுக்கு உன் விசுவாசத்துல ஏதோ குறை இருக்குன்னுட்டாரு. அதோட என் தம்பி சர்ச்சுக்கு வர்றத நிறுத்துனான். பணம் போனத கூட அவன் பெருசா எடுத்துக்கல, ஒரு நாள் சாப்பிட்டுட்டு இருக்கும்போது தலைய நிமித்தாம கேட்டான், "கடவுள் பொய் சொல்லுவாராக்கா?" எனக்கு பதில் வரல, சோத்த பெசஞ்சுட்டே உக்காந்திருந்தேன்.

அன்னைக்கு ராத்திரிதான் நான் முதல் தடவையா எரேமியா 29 முழுசா படிச்சேன். நாப்பது வயசுக்கு மேல, ஞாயிறு பள்ளில பிள்ளைகளுக்கு பாடம் எடுத்தவ, அந்த அதிகாரத்த ஆரம்பத்துல இருந்து படிச்சதே இல்ல. பதினோராம் வசனம் மட்டும் தெரியும். தெரியாதவங்க நெறைய பேர் இருப்பீங்கன்னு நினைச்சு எனக்கு தெரிஞ்சத சொல்றேன்.

அது ஒரு கடிதம். கி.மு. 597ல பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம்ல இருந்து ராஜாவையும் பெரிய மனுஷங்களையும் தச்சர் கொல்லரையும் பாபிலோனுக்கு சிறைபிடிச்சுட்டு போயிட்டான். அப்படி போனவங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேம்ல இருந்து எழுதி அனுப்பினது. அந்த கடிதத்துக்கு முன்னாடி அதிகாரம் 28ல ஒரு சம்பவம் இருக்கு, அத படிக்காம 29 புரியவே புரியாது. எரேமியா கழுத்துல மரத்துல செஞ்ச நுகம் போட்டுட்டு நிக்கிறார், பாபிலோனுக்கு அடங்கித்தான் இருக்கணும்னு காட்டுறதுக்கு. அப்ப அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துல எல்லார் முன்னாடியும், இன்னும் ரெண்டே வருஷம், போனவங்க எல்லாம் திரும்ப வந்துருவாங்கன்னு கர்த்தர் பேர சொல்லியே சொல்றான், சொல்லிட்டு அந்த நுகத்த கழட்டி ஒடச்சும் போடுறான். எரேமியா முதல்ல என்ன சொல்றார் தெரியுமா, ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராகன்னு சொல்றார். அந்த இடத்துல எனக்கு கண்ணு கலங்கிருச்சு, ஏன்னா அவருக்கும் அது நடக்கணும்னு ஆசைதான், யாருக்குத்தான் இருக்காது. ஆனா நடக்கப்போறது அது இல்ல. அதே வருஷம் ஏழாம் மாசம் அனனியா செத்துப்போறான்.

அடுத்த அதிகாரத்துலதான் கடிதம் வருது. அதுல பத்தாம் வசனம் எழுபது வருஷம்னு சொல்லுது. ஆளுக கேட்க ஆசைப்பட்டது ரெண்டு வருஷம், கர்த்தர் சொன்னது எழுபது வருஷம். நம்ம காலண்டர்ல போடுற வசனம் இந்த எழுபதுக்கு அடுத்த வசனம்! கணக்கு போட்டு பாருங்க, கடிதம் வந்தப்ப முப்பது வயசுல இருந்த ஒருத்தன் எருசலேம திரும்ப பாத்திருக்கவே மாட்டான், பாபிலோன்லயேதான் செத்து பொதைக்கப்பட்டிருப்பான். நல்ல முடிவு அவனோட பேரப்பிள்ளைக்கு. எங்க தம்பி கைல இருந்த அட்டைல இந்த எழுபது வருஷம் இல்ல, யாரோட அட்டைலயும் இருக்காது. எட்டாம் வசனமும் இருக்காது, அதுல உங்க நடுவுல இருக்குற தீர்க்கதரிசிங்க உங்கள மோசம்போக்க விடாதீங்கன்னு பச்சையாவே எழுதிருக்கு. மூணே வசனம் தள்ளி இருக்குற எச்சரிக்கைய படிச்சிருந்தா நான் அன்னைக்கு கை தட்டிருப்பேனா?

இன்னொன்னு. நம்ம தமிழ் பழைய மொழிபெயர்ப்புல ஒரு தனி ஆள்கிட்ட கர்த்தர் பேசினா நீ, உன், உனக்குன்னுதான் வரும், யோசுவாகிட்ட பேசுற இடத்த எடுத்து பாருங்க. இங்க "உங்கள்பேரில்"னு இருக்கு. அது மரியாதை உங்கள் இல்ல, கூட்டத்த பாத்து சொல்ற உங்கள். சிறைப்பட்டு போன ஒரு சனத்துக்கு மொத்தமா சொன்னத நான் பிச்சு எடுத்து என் தம்பியோட விசாவுக்குன்னு குடுத்துட்டேன். அதுக்காக அந்த வசனம் நமக்கு இல்லன்னு நான் சொல்லல, கண்டிப்பா சொல்லல. அன்னைக்கு தன் சனத்த கைவிடாத தேவன்தான் இன்னைக்கும் நம்ம தேவன். ஆனா அஞ்சாம் வசனத்துல இருந்து வந்தாதான் பதினொன்னு நம்மளுதாகும்.

இங்கதான் எங்க அப்பாயி வராங்க.

அப்பாயிக்கு சொந்த ஊரு இலங்கைல அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். 1964 அக்டோபர்ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ரெண்டு அரசாங்கமும் இந்திய வம்சாவளி தோட்டத் தமிழரான எங்க சனத்த எண்ணி பிரிச்சாங்க, மொத்தம் 9,75,000 பேர், அதுல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கயே, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர அப்புறம் பாத்துக்கலாம்னு. அப்பாயிக்கு இந்தியா விழுந்துச்சு, கூடப்பொறந்த தங்கச்சிக்கு அங்கயே. 1971ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், ரயில்ல மேட்டுப்பாளையம், அங்கேருந்து லாரில மலை மேல. இந்த மாதிரி வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968லயே அரசாங்கம் நீலகிரில தேயிலை போட ஆரம்பிச்சிருந்துச்சு, பிற்பாடு 1976ல அதுதான் டேன்டீ கம்பெனி ஆச்சு.

அப்பாயி வந்து நாலு வருஷம் ட்ரங்கு பெட்டிய பிரிக்கவே இல்லையாம். திருப்பி அனுப்பிருவாங்க, ஒப்பந்தத்த மாத்துறாங்கன்னு யாராவது ஏதாவது பேசிட்டே இருப்பாங்களாம், அத நம்பி துணிய எல்லாம் மடிச்சபடியே வச்சிருந்தாங்க, வீட்ட சுத்தி ஒரு மேரக்கா (சௌசௌ) கொடி கூட போடல, நாளைக்கு போற எடத்துல எதுக்குன்னு. ஒரு நாள் வீட்டு ஜெபத்துக்கு வந்த உபதேசியார் இந்த அதிகாரத்த வாசிச்சாராம். "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்." கேட்டுட்டு அப்பாயி ராத்திரி பூரா தூங்கல. காலைல பெட்டிய பிரிச்சாங்க. அந்த வாரமே யார்கிட்டயோ கேட்டு ஒரு நாட்டு பேரிக்கா கன்னு வாங்கி வீட்டுக்கு பின்னாடி நட்டாங்க. காய்க்க எட்டு வருஷம் ஆச்சுன்னு அப்பா சொல்லுவாரு. காய்க்க அத்தனை வருஷம் ஆகும்னு தெரிஞ்சே நட்டிருக்காங்க பாருங்க, அதத்தான் நான் விசுவாசம்னு சொல்லுவேன்.

அப்பாயி 2016ல போயிட்டாங்க. அவங்க பைபிள் என்கிட்டதான் இருக்கு. அட்டை பிஞ்சு பச்சை துணி வச்சு தச்சது, உள்ள காஞ்ச கொழுந்து ஒன்னு ரெண்டு, பக்கத்த புரட்டினா பொகை வாசம். அன்னைக்கு ராத்திரி அந்த பைபிள்லதான் நான் 29 படிச்சேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்ச கை, சிவப்பு பென்சில்ல கோணல்மாணலா கோடு போட்டிருக்காங்க. அஞ்சாம் வசனத்துக்கு கீழ ஒரு கோடு. ஏழாம் வசனத்துக்கு கீழ ரெண்டு கோடு. பதினொன்னுக்கு கீழ ஒன்னுமே இல்ல. ரொம்ப நேரம் அந்த பக்கத்தயே பாத்துட்டு இருந்தேன்.

ஏழாம் வசனம் என்னன்னா, "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்தில் உங்களுக்கும் சமாதானம் இருக்கும்." எந்த பட்டணம்? பாபிலோன்! ஊர முற்றுகை போட்டு, சொந்தபந்தத்த பிரிச்சு, இழுத்துட்டு போனவன் பட்டணம். அதுக்கு ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றார், தேடுங்கன்னும் சொல்றார். எபிரெயத்துல ஷாலோம்ங்குற வார்த்தை, சண்டை இல்லாம இருக்குறது மட்டும் இல்ல, எல்லாரும் நல்லா சுகமா குறைவில்லாம இருக்குறது. அதே வார்த்தைதான் பதினொன்னுலயும், தமிழ்லயும் ரெண்டு எடத்துலயும் சமாதானம்னே போட்டிருக்காங்க. அப்ப பதினோராம் வசனத்து சமாதானம் வேணும்னா ஊரோட சமாதானத்துக்குள்ள போய்த்தான் வாங்கணும், தனியா பார்சல் கிடையாது.

நம்ம சபைல மன்றாட்டு ஜெபத்துல என்னென்ன கேக்குறோம்னு யோசிச்சு பாத்தேன். நம்ம வியாதியஸ்தர், நம்ம பிள்ளைங்க பரீட்சை, நம்ம கட்டட நிதி. தப்பில்ல, கேக்கணும். ஆனா பசுந்தேயிலைக்கு வெல இல்லாம பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகாம நிக்கிற கீழ ஹட்டி (படுகர் ஊர்) ஆளுங்களுக்காக, நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்ததுல இருந்து சவாரி கொறஞ்சு போச்சுன்னு பொலம்புற டாக்சிக்காரங்களுக்காக, மார்க்கெட் கடைக்கார பாய்க்காக, ராத்திரி கரடிக்கு பயந்துட்டு வேலை முடிச்சு நடந்து வர்ற பொம்பளைங்களுக்காக பேர் சொல்லி ஜெபிச்சு நான் கேட்டதே இல்ல. 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்கா, நீலகிரில மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போனாங்களே, அப்ப எங்க வீட்டுக்கு பின்னாடி மேடு இறங்க ஆரம்பிச்சதும் எங்கள கூப்பிட்டு மூணு நாள் தங்க வச்சது கீழ இருக்க கவுடர் வீட்டு அம்மாதான். ராகி களியும் அவரைக்கா கொழம்பும் போட்டாங்க. அவங்களுக்காக நான் ஒரு தடவை கூட முழங்கால் போட்டதில்லன்னு நினைக்கும்போது எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப தினமும் சொல்றேன், அவங்க முட்டி வலி முதற்கொண்டு.

இதே மாதிரிதான் பிலிப்பியர் 4:13ம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டுன்னு பரீட்சை பேட்ல ஒட்டி வைக்கிறோம், பவுல் அத கட்டுண்டு காவல்ல இருந்து எழுதினது, முந்தின வசனத்துலயே தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்னு சொல்லிட்டுத்தான் வர்றார். ஃபெயிலான பிள்ளைக்கும் அந்த வசனம் வேணும், இன்னும் அதிகமாவே வேணும். ஃபெயிலான வீட்டுக்கு அத யாரும் அனுப்புறதில்ல.

வசனத்த ஸ்டேட்டஸ்ல வைக்க வேணாம்னு நான் சொல்லல. வைக்கிறதுக்கு முன்னாடி மேல அஞ்சு வசனம் கீழ அஞ்சு வசனம் படிங்க, அஞ்சு நிமிஷம் ஆகாது. நொந்து போயிருக்க ஒருத்தருக்கு அனுப்பும்போது இன்னும் ரெண்டு மடங்கு கவனமா இருங்க, அவங்க அத பிடிச்சுட்டு தொங்குவாங்க, என் தம்பி தொங்கின மாதிரி.

அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் அவன்கிட்ட போய் பைபிள நீட்டி, நீ கேட்டதுக்கு பதில் இதுலதான் இருக்கு, ஆனா முதல்ல என்ன மன்னிச்சுருடா, நான்தான் ஒத்த வசனத்த உனக்கு குடுத்துட்டேன்னு சொன்னேன். அவன் ஒன்னும் சொல்லல. பைபிள வாங்கி அப்பாயியோட சிவப்பு கோட்ட வெரலால தடவிப் பாத்துட்டு இருந்தான், ரொம்ப நேரம். இப்ப திரும்ப வண்டி ஓட்டுறான். சர்ச்சுக்கு இன்னும் வரல, நான் வற்புறுத்தவும் இல்ல. ஆனா இந்த ஜனவரில நான் சொல்லாமலே பேரிக்கா மரத்துக்கு கவாத்து போட்டான், பட்ட கிளைய எல்லாம் கழிச்சு, வெட்டின எடத்துல சாணி அப்பி. ஜூலைல காய் நல்லா பிடிச்சிருந்துச்சு, பாதிய கரடி சாப்பிட்டுச்சு, மிச்சத்துல ஒரு கூடை கவுடர் வீட்டுக்கு அவனே தூக்கிட்டு போனான்.

இந்த வருஷ கடைசிக்கு எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துல அட்டை எழுதுற பொறுப்ப நான் கேட்டு வாங்கிருக்கேன். 29:11 எழுதுவேன், ஆனா அஞ்சாம் வசனத்துல இருந்து தொடங்கி, இடம் பத்தலன்னா அட்டைய பெருசா வெட்டிக்கலாம். மார்க்கெட்ல சார்ட் பேப்பர் வாங்கி வச்சாச்சு. தம்பி கையெழுத்து முத்து முத்தா இருக்கும், எழுதி தர்றியாடான்னு நேத்து கேட்டேன். "எத்தனை அட்டைக்கா?"ன்னான். நூத்தி இருபதுன்னேன். "பேனா நல்லதா வாங்கி வை"ன்னுட்டு வண்டிய எடுத்துட்டு போயிட்டான்.