பயம் போகட்டும், வாடகைக்கு என்ன வழி?

"பயத்தை உதறுங்கள், வேலையை விடுங்கள், கலை காப்பாற்றும்" என்று கலைஞர்களுக்குச் சொல்கிறது உங்கள் கட்டுரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாடகைக்கு என்ன வழி என்று ஒரு வரிகூட இல்லையே!

சென்னை ஈஞ்சம்பாக்கத்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சொல்லியிருக்கலாம். 1966-ல் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் தொடங்கியது. கல்லூரி முடித்த ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. பாத்திக் துணி மாதிரி கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் தீட்டி, சாயத்தில் முக்கி, பிறகு வெந்நீரில் மெழுகை எடுப்பதுதான் பாத்திக். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் இறங்கி நரம்பு நரம்பாகக் கோடு விழும். படம் வரைகிற கைக்கு அது தூரத்து வேலை இல்லை. ஓவியம் வாங்கத் தயங்குகிறவர்கூட துணி என்றால் பர்ஸைத் திறப்பார். பயம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் உழைத்திருக்கிறார்கள்.

நான் சுடுமண் நகை செய்து விற்கிறேன். எனக்கு விலை சொல்லத்தான் பயம். "மண்ணுக்கா இவ்வளவு?" என்பார்கள் (கேட்பவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள்). இப்போது களிமண், பெயின்ட், சுடும் செலவு, என் கூலி எல்லாம் நோட்டில் போட்டு, விலையை அட்டையிலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். வாய் திறக்க வேண்டியதில்லை, பேரமும் குறைந்துவிட்டது.

அடுத்த கட்டுரையில் கடைக்காரர்களிடம் முன்பணம் வாங்குவது எப்படி என்று எழுதுங்கள் சார். வேலையை விடுவதை அப்புறம் பேசலாம்.