ஆறாம் வகுப்பில் காணாமல் போகும் மார்க்

"அஞ்சாவது வரைக்கும் தொண்ணூறு வாங்குன பையன் சார், இப்போ நாற்பதைத் தாண்ட மாட்டேங்கிறான்." காலாண்டுத் தேர்வு முடிந்தால் யாராவது ஒரு அம்மா இதைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார். நான் கணக்கு வாத்தியார். "வாய்ப்பாடு படிக்கச் சொல்லுங்கம்மா" என்று அனுப்பிவிடுவது வழக்கம்.

தொடக்கப்பள்ளியில் நாள் முழுக்க ஒரே டீச்சர். சாப்பிடாமல் வந்த பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர். மணி அடித்தால் கிளம்பிவிடுகிறோம். யார் முகத்தை யார் பார்ப்பது?

சில வருடங்களுக்கு முன் ஒரு பையன் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று கரும்பலகையில் எழுதினான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் முழுப் பரீட்சை வரை அவன் கையைத் தூக்கவே இல்லை. அவனுக்குப் பின்னம் வராமல் போனதற்கு வாய்ப்பாடு காரணமில்லை, அந்தச் சிரிப்புதான் என்று எனக்கு உறைக்க ரொம்ப நாளானது.

இந்த மாதிரிக் காயம் படாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதைத்தான் 'சமூக உணர்வுக் கற்றல்' என்கிறார்கள். பெயர் என்னவோ பயமுறுத்துகிறது. கோபம் வந்தால் என்ன செய்வது, தெரியாததைக் கூச்சப்படாமல் எப்படிக் கேட்பது, பக்கத்தில் இருப்பவன் தப்பு செய்தால் சிரிக்காமல் இருப்பது, இவ்வளவுதான். அமெரிக்காவில் ஜோசப் டர்லாக் என்ற உளவியலாளரும் மற்றவர்களும், 2,70,000 மாணவர்களுக்கு மேல் பங்கெடுத்த இப்படிப்பட்ட 213 பள்ளித் திட்டங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை படிப்பில் பதினோரு இடம் முன்னேறும் அளவுக்குப் பலன். அதைவிட எனக்குப் பிடித்த தகவல் வேறு: பள்ளி ஆசிரியர்களே நடத்தியபோதுதான் மார்க் கூடியது. வெளியாட்கள் வந்து நடத்தியபோது கூடவில்லை.

நம்மூரில் என்ன செய்கிறோம்? தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வெயிலில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் கைதட்ட வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறோம்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடம்' என்று தினமும் ஒரு பீரியடே ஒதுக்கினார்கள். அதற்குத் தேர்வு வைக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே எனக்குப் பிடிக்கும். இங்கே வந்தால் முதல் வேலையாகக் கையேடு அச்சடிப்போம், அடுத்து ஐந்து மார்க் வினா கேட்போம்!

தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாரத்துக்கு இரண்டு பீரியட் வகுப்பாசிரியரிடம் சும்மா விடுங்கள். அதையும் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கேட்டு வருவோம். கொடுக்காதீர்கள், நான் கேட்டாலும்.