அலெக்ஸ் ஸ்காட்டுக்கு அந்த சீட்ட யாரும் சும்மா தூக்கிக் குடுக்கல

இங்கிலாந்து பெண்கள் ஃபுட்பால் டீம்ல ஆடிட்டு, இப்ப டிவில ஃபுட்பால் பத்திப் பேசற அலெக்ஸ் ஸ்காட் ஸ்க்ரீன்ல வந்தாலே "பொண்ணுங்கறதால உக்கார வச்சிருக்காங்க"ன்னு யாராவது ஒருத்தர் கமெண்ட் போட்டுடறாங்க. படிக்கும்போதெல்லாம் கோவமா வருது, அதான் இத எழுதறேன்.

இங்கிலாந்துக்கு 140 மேட்ச் ஆடினவங்க அவங்க. 2007 பெண்கள் ஐரோப்பிய கிளப் கோப்பை ஃபைனல், இவங்க ஆடினது லண்டன் கிளப் ஆர்சனலுக்கு. ஃபைனலே ரெண்டு மேட்ச், அதுல முதல் லெக் ஸ்வீடன்ல, எதிர்ல பிரேசில் ஸ்டார் மார்த்தா ஆடுற உமியோ டீம். 0-0ன்னே முடியப்போகுதுங்கற நேரத்துல, இன்ஜுரி டைம்ல, ரைட் பேக், அதாவது வலது பக்க டிஃபென்ஸ் ஆடுற இவங்க முன்னாடி ஏறி வந்து பாக்ஸுக்கு வெளிய இருந்தே அடிச்சாங்க பாருங்க ஒரு ஷாட்டு! ரெண்டாவது லெக்ல கோலே விழல, அந்த ஒரு கோல்லயே கப் ஆர்சனலுக்கு. அதுக்கப்புறம் இங்கிலாந்து பெண்கள் டீம் எதுவும் 2025 வரைக்கும் அந்தக் கப்ப ஜெயிக்கல, ஜெயிச்சதும் மறுபடி ஆர்சனல்தான்.

அப்படிப்பட்ட பிளேயர் அதே கிளப்போட லாண்டரில வேலை பாத்திருக்காங்க. ஃபிரான்ஸ் ஸ்டார் தியரி ஹென்றி ஆடின காலத்து ஆம்பளைங்க டீமோட சேறு அப்பின ஜெர்சியும் சாக்ஸும் துவைக்கிற வேலை. பெண்கள் ஃபுட்பால்ல அப்ப சம்பளம்னு சொல்லிக்கிற அளவுக்கு ஒண்ணும் கிடையாது, ஆடி முடிச்சா கையில என்ன இருக்கும்னு முன்னாடியே யோசிச்சாகணும். அதனாலதான் ஆடிட்டு இருக்கும்போதே ஸ்டாஃபோர்ட்ஷைர் யூனிவர்சிட்டில ஸ்போர்ட்ஸ் ரைட்டிங், பிராட்காஸ்டிங் டிகிரி முடிச்சாங்க. பெரிய பேர் எடுத்த ஆம்பள பிளேயர் ரிட்டயர் ஆனதும் நேரா ஸ்டுடியோவுக்கு வரும்போது "நீ என்ன படிச்சே"ன்னு யாரும் கேக்கறதில்ல, படிச்சிட்டு வந்த இவங்களத்தான் கேக்கறாங்க, இது எந்த ஊரு நியாயம்?

2018ல ரிட்டயர் ஆன கையோட ரஷ்யா வேர்ல்ட் கப்புக்கு பிபிசி அனலிஸ்ட், 2021ல ஃபுட்பால் ஃபோகஸ் ஷோவுக்கே தொகுப்பாளர். அதே வருஷம் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் அப்போ, இவங்களோட இங்கிலீஷ் உச்சரிப்பு சரியில்லன்னு முன்னாள் மந்திரி ஒருத்தர் ட்வீட் போட்டாரு. நான் கிழக்கு லண்டன் பாப்லர்ல உழைக்கிற குடும்பத்துல பொறந்தவ, எனக்கு அதுல பெருமைதான்னு பதில் சொல்லிட்டு அதே மாதிரியே பேசினாங்க. 2022 கத்தார் வேர்ல்ட் கப்ல, தன்பாலின ஈர்ப்பாளர்கள் மாதிரி யாரையும் ஒதுக்கக்கூடாதுன்னு சொல்ற ஒன்லவ் கைப்பட்டைய கட்டினா மஞ்சள் அட்டை காட்டுவோம்னு ஃபிஃபா சொன்னதும், அத கட்டறதா இருந்த ஏழு ஐரோப்பிய டீம் கேப்டன்களும் பின்வாங்கினப்போ, கிரவுண்ட் ஓரத்துல அத கையில கட்டிக்கிட்டு லைவ்ல நின்னது இவங்கதான்.

எனக்கு இவங்கள புடிக்கிற காரணம் இன்னும் சிம்பிள். ஒரு ரைட் பேக் மேல ஏறிப் போனா பின்னாடி எவ்ளோ இடம் காலியாகுது, அத யாரு மூடணும்னு, அந்த இடத்துலயே வருஷக்கணக்கா ஓடினவங்க சொல்லிக் கேக்கறது தனி. அடுத்த தடவ மியூட் போடாம கேளுங்க.