உத்தரவு போடுகிறவரைப் பற்றியும் நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும்

இணையத்தில் தொடங்கும் பிடிஎஸ்எம் உறவுகளைப் பற்றி, அதாவது ஒருவர் ‘மாஸ்டராக’ உத்தரவு போட இன்னொருவர் கீழ்ப்படிவது, கட்டிப்போடுவது, வலி கொடுப்பது போன்றவற்றை இருவரும் சம்மதித்துச் செய்யும் பாலுறவுப் பழக்கத்தைப் பற்றி, தமிழில் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. ஒன்று, ‘அசிங்கம்’. இன்னொன்று, ‘ஆன்லைன்ல எல்லாமே டூப்பு, நம்புறவங்கதான் முட்டாள்’. முதலாவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்வதை நோய்ப் பட்டியலில் இருந்து உலக சுகாதார நிறுவனமே எடுத்துவிட்டது. அந்தப் புதிய பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எனக்குச் சண்டை இரண்டாவது பதிலோடுதான்.

முகம் தெரியாதவரை நம்பவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எதை வைத்து நம்புகிறோம் என்பதுதான் கேள்வி. எதிராளி எவ்வளவு அதிகாரமாகப் பேசுகிறார், எவ்வளவு நேர்த்தியாக விதி போடுகிறார் என்று பார்த்து மயங்கிவிடுகிறார்கள். இவரை வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு என் நினைவுக்கு உடனே வருவது அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நடந்த ஜான் எட்வர்ட் ராபின்சன் வழக்கு. மனைவி, நான்கு பிள்ளைகள், ஐம்பதைத் தாண்டிய வயது. வெளியே பார்த்தால் மரியாதையான குடும்பஸ்தர். இணைய அரட்டையில் அவர் பெயர் ‘ஸ்லேவ்மாஸ்டர்’, அடிமைகளின் எஜமான். மிச்சிகனைச் சேர்ந்த செவிலியரான ஒரு இளம்பெண் இணையம் வழியாக அவருக்குப் பழக்கமானார். வயதான தன் தந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நல்ல சம்பளம், கூடவே உலகப் பயணம் என்று ராபின்சன் ஆசை காட்டினார். 2000 பிப்ரவரியில் அந்தப் பெண் தன் இரண்டு பெக்கினீஸ் நாய்களோடு கான்சஸ் வந்து சேர்ந்தார். மார்ச் தொடக்கத்தில் காணாமல் போனார்.

ஆனால் அவர் பெயரில் மின்னஞ்சல்களும் கடிதங்களும் மட்டும் வந்துகொண்டே இருந்தன. ஊர் சுற்றுகிறேன், சந்தோஷமாக இருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்று. அம்மாவுக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது. மகள் எழுதினால் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்காது, வந்த கடிதங்களோ சுத்தமாக இருந்தன. அதுவரை தினமும் போல அம்மாவோடு போனில் பேசிய பெண் திடீரென்று குரலே காட்டவில்லை. உயிராக வளர்த்த நாய்களோ ராபின்சன் குடியிருந்த பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்தன.

கனடாவில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தோழி இருந்தார். எல்லாம் இணையத்தில் வளர்ந்த நட்புதான். தோழியின் கணக்கிலிருந்து வந்த மின்னஞ்சலைப் படித்ததுமே, இது அவள் எழுதியது இல்லை என்று அவருக்குத் தட்டுப்பட்டது. பிறகு ராபின்சன் வேறொரு பெயரில் இந்தத் தோழிக்கே மாஸ்டராக வலை வீசத் தொடங்க, அவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் போலீசிடம் சொன்னார். ‘இணையத்தில் எல்லாமே டூப்பு’ என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். அந்தப் பெண்ணை ஏமாற்றியதும் இணையத்தில் வந்தவர்தான். அந்தப் பெண் மறைந்தபோது அதைக் கண்டுகொண்டவர்களில் ஒருவரும் இணையத்தில் கிடைத்த தோழிதான். எழுத்து நடையை வைத்தே ஆள் மாறாட்டத்தைப் பிடிக்கும் அளவுக்கு ஒரு மனுஷியை இன்னொருத்தி திரை வழியாகவே அறிந்து வைத்திருந்தார். அந்த நட்பை எப்படிப் பொய் என்பது?

ராபின்சன் 2000 ஜூன் 2ஆம் தேதி கைதானார். சம்மதித்து அவரைச் சந்தித்த வேறு பெண்கள், சம்மதித்த எல்லையை அவர் மீறினார், பொருட்களைத் திருடினார் என்று கொடுத்த புகார்தான் கைதுக்கு வழி திறந்தது. ‘நீ ஏன் அங்கே போனாய்’ என்ற கேள்விக்குப் பயந்து அவர்கள் வாய் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்து அவருடைய பண்ணை நிலத்தைச் சோதித்தபோது பீப்பாய்களில் இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன. பக்கத்து மிசௌரி மாநிலத்தில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் இன்னும் மூன்று. 2003ல் கான்சஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

இந்த வழக்கில் என்னால் கடந்து போகவே முடியாத ஒரு விஷயம் வெற்றுத் தாள். பெண்களிடம் முன்கூட்டியே வெற்றுத் தாள்களில் கையெழுத்தும், உறைகளில் சொந்தக்காரர்களின் முகவரியும் எழுதி வாங்கி வைத்திருந்தார். காணாமல் போன பிறகு கடிதம் அனுப்ப அதுதான் வசதி. மாஸ்டர் கேட்டார், கேள்வி கேட்காமல் கொடுத்தாள் என்பதைச் சிலர் சரணாகதி என்று கொண்டாடுவார்கள். எனக்கு அது கொள்ளை. சரணடைவதற்கும் ஒரு வரம்பு பேசி வைக்கப்படுகிறது. தன் பெயரையும் சொந்தங்களையும் எழுதிக் கொடுப்பது எந்த வரம்பிலும் அடங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கையில் இணையம் வருவதற்கு முன்பே, 1985ல், கைக்குழந்தையோடு தவித்த ஒரு தாயிடம் இல்லாத தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வீடும் வேலையும் தருவதாக அழைத்துப் போனவர் இதே ஆள். அந்தத் தாய் திரும்பவே இல்லை. குழந்தையைப் போலிப் பத்திரங்களோடு தன் சொந்தத் தம்பிக்கே தத்துக் கொடுத்தார். ஏமாந்தது அந்தத் தம்பியும்தான். ஆக, பழியை இணையத்தின் தலையிலோ பிடிஎஸ்எம் தலையிலோ கட்டுவதில் அர்த்தமில்லை.

உண்மையில் பிடிஎஸ்எம் பழகுகிறவர்களுக்குள் இதற்கான ஏற்பாடுகள் பழையவை. நியூயார்க்கில் 1971லேயே ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். ‘பாதுகாப்பாக, நிதானத்தோடு, சம்மதத்தோடு’ என்ற வாசகம் 1980களில் அதே ஊரில் பிறந்தது. 1990களின் தொடக்கத்தில், இணையக் குழுவில் பேசிப் பழகியவர்கள் கலிபோர்னியாவில் ஒரு பர்கர் கடையில் கூடத் தொடங்கினார்கள். சாதாரண உடுப்பு, சாதாரணப் பேச்சு, சாப்பாடு. அதற்கு ‘மஞ்ச்’ என்று பெயர் வந்து இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அங்கே ஒருவர் பணியாளரிடம் எப்படிப் பேசுகிறார், குறுக்கே பேசினால் முகம் எப்படி மாறுகிறது என்பதை நாலு பேர் பார்ப்பார்கள். தனியாகச் சந்திக்கப் போகும்போது ‘சேஃப் கால்’ என்றொரு பழக்கமும் உண்டு. எங்கே, யாரோடு என்று ஒரு நண்பருக்குச் சொல்லி வைத்து, குறித்த நேரத்தில் அழைக்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் நண்பர் சும்மா இருக்க மாட்டார்.

வரன் பார்க்கும்போது தெருக்கோடி மளிகைக்கடை வரை விசாரிக்கிற ஊர் நம்முடையது. உடம்பையும் மனசையும் ஒருவர் கையில் ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் விசாரிப்பது எப்படி மரியாதைக் குறைவாகும்?

என் தோழி ஒருத்தியிடம் ஒரு ‘மாஸ்டர்’ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். பழக்கம் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். வீடியோவில் ஒரு தடவை பேசலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். வந்த பதில் (சப் என்றால் கீழ்ப்படியும் பக்கம்): ‘நிஜமான சப் இப்படிக் கேக்க மாட்டா. உன் ஃப்ரெண்ட்ஸ்தான் உன்னைக் கெடுக்குறாங்க, அவங்களை பிளாக் பண்ணிட்டு வா.’ அந்த இரண்டு வரியிலேயே ஆளின் முழு ஜாதகமும் இருக்கிறது. தன்னை நிரூபிக்கச் சொன்னதும் அவளை நிரூபிக்கச் சொல்கிறார். அவளுக்காக நாலு வார்த்தை பேசக்கூடியவர்களை வெட்டிவிடச் சொல்கிறார். அவள் பிளாக் செய்தது அவரைத்தான்.

அப்புறம், புனைபெயர் விஷயம். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரைப் போலி என்று நான் நினைப்பதில்லை. வேலை, வீடு, சாதி, சொந்தபந்தம் என்று இத்தனை கண்கள் இருக்கும் சமூகத்தில் பெயரை மறைப்பது தற்காப்பு. ஒரே புனைபெயரில் வருஷக்கணக்கில் இருந்து, பத்துப் பேரோடு பழகி, சண்டை போட்டு, மன்னிப்புக் கேட்டு, இன்றும் அங்கேயே இருப்பவரை என்னால் நம்ப முடியும். ஆதார் அட்டையைக் காட்டிவிட்டு, தன் பழைய துணைகள் யாரிடமும் பேசக் கூடாது என்பவரை நம்ப முடியாது. தன் அனுபவம் பற்றி அவர் எழுதும் நீண்ட கதைகளை விட, சின்ன விஷயத்துக்கு நீங்கள் சொல்லும் முதல் ‘வேண்டாம்’ அதிகம் காட்டிக் கொடுக்கும். சரி என்று விட்டுவிட்டு, மறுநாள் அதை நினைவில் வைத்திருக்கிறாரா? இல்லை, இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறாரா? இது இரு பக்கத்துக்கும் பொருந்தும். அடிமை வேடம் போட்டு எதிராளியின் படத்தை வாங்கி மிரட்டிக் காசு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மிரட்டலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு: படம் எடுக்க சம்மதித்தது, அதைப் பரப்ப சம்மதித்ததாக ஆகாது. ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஸ்டாப்என்சிஐஐ என்ற தளத்தில் படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே, உங்கள் கருவியிலேயே அதற்கு ஒரு அடையாளக் குறியீடு உருவாக்கிக் கொடுக்கலாம். அதில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் அந்தக் குறியீட்டை வைத்துப் படம் பரவாமல் தடுக்க முடியும். பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கான ஏற்பாடு அது, ஆண்களும் பயன்படுத்தலாம். வந்த செய்திகளை அவமானத்தில் அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்க அவைதான் ஆதாரம்.